மூன்று நாள் கைநடுக்கம்

மூன்றே நாள். அதற்குள் மனைவியே "சாமி, இந்தச் சமையலறைப் பக்கம் இனிமே வராதீங்க" என்று கும்பிட்டாக வேண்டும். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் இப்படியொரு சபதம் போட்டார்.

மயிரிழை போன்ற முள்ளையும் மூச்சைப் பிடித்துப் பொருத்துகிற கை அவருடையது. அந்தக் கையில் போய்ப் பாத்திரம் தேய்க்கிற நாரைத் திணித்துவிட்டாளே! "நானும்தான் ஆபீஸ் போயிட்டு வரேன். இனிமே பாத்திரம் உங்க பொறுப்பு" என்று போன வாரம் ஒரே போடாகப் போட்டுவிட்டாள். எதிர்த்துப் பேசலாம் என்றால், அவள் சொன்னதில் நியாயம் இருந்து தொலைத்தது. ஆகவே அசடாக நடிப்பது ஒன்றே வழி.

முதல் நாள், எண்ணெய்ப் பிசுக்கோடு தட்டுகளை அடுக்கினார்.

"பழகப் பழக வந்துடும்ங்க" என்றாள்.

இரண்டாம் நாள் ஒரு கோப்பையைக் கீழே விட்டார்.

"காலைப் பாத்து வைங்க" என்று பெருக்கி அள்ளினாள்.

மூன்றாம் நாள் மூன்று கோப்பைகள். "ஐயோ, கை நடுங்குதே!" என்று அலறிக்கொண்டே விட்டார். தன் நடிப்பு அவருக்கே பிடித்துப்போயிற்று.

அவள் பதறி ஓடி வந்தாள். "போதும், விடுங்க. நானே கழுவிக்கிறேன்."

வெற்றி! நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார். சற்று நேரத்தில் வாசல்வரை போய்விட்டு வந்தாள் மனைவி.

"பக்கத்து வீட்டு அண்ணன் அவர் சுவர்க் கடிகாரத்தை உங்ககிட்ட குடுக்கலாமான்னு கேட்டாரு. வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"கைதான் நடுங்குதே! பாவம், ரொம்ப வருத்தப்பட்டாரு. தெருவுல நாலு பேர்கிட்டயும் சொல்லி வைக்கிறேன்னாரு."

"யார் கை நடுங்குது? கூப்பிடு அந்த ஆளை!"

அண்ணன் வந்தார். கடிகாரக்காரர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, அவர் கண்ணெதிரே தட்டு, கரண்டி, அடிப்பிடித்த பால் சட்டி என்று அத்தனையும் தேய்த்துக் கவிழ்த்தார். ஒவ்வொன்றிலும் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

"அடேயப்பா! கடிகாரத்தை நாளைக்கே கொண்டு வரேன்" என்று வாயைப் பிளந்தபடி போனார் அண்ணன்.

"தினமும் இப்படியே கழுவிடுங்க" என்றாள் மனைவி.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சோம்பேறி என்று ஊரே சொன்னாலும் அவர் அசைய மாட்டார். கையாலாகாதவன் என்று ஒருத்தர் நினைத்தால் போதும், தலைகீழாக நின்று காட்டிவிடுவார். தனக்கே இன்றுதான் தெரிந்த இந்தச் சங்கதி இவளுக்கு எப்படித் தெரிந்தது?

"நான் நடிச்சேன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

"அனுபவம்தான். பன்னெண்டு வருஷமா உங்க பின்னாடி உக்காந்தே ஆபீஸ் போறேனே, நிஜமாவே எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாதுன்னா நினைச்சீங்க?"