ஈயம் வாங்கப் போன இயற்பியல் பட்டதாரி

நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன். இதை வெளியில் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை. காரணம் ஒரு கதவு.

என் அக்கா எலும்பு டாக்டர். திருக்கோகர்ணத்தில் சொந்தமாகக் கிளினிக் திறக்க நாள் குறித்து, சொந்தபந்தம் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தாயிற்று. எக்ஸ்ரே அறையை மட்டும் அதிகாரி வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மெஷினைத் தொடக்கூடாது. எக்ஸ்ரே இல்லாத எலும்பு டாக்டர் கைரேகைதான் பார்க்க வேண்டும்.

கதிர் வெளியே வராமலிருக்க அந்த அறையின் கதவுக்குள் ஈயத் தகடு வைப்பார்கள். அதை வாங்கும் பொறுப்பு எனக்கு. (வீட்டில் சும்மா இருந்தது நான் ஒருவன்தான்.)

“ஈயம்டா. மாத்திக்கீத்தி வாங்கிட்டு வந்துறாத,” என்றாள் அக்கா.

“எனக்கு ஈயம் தெரியாதாக்கும்? நம்ம வீட்டுல சோறு வடிக்கிறதே ஈயச்சட்டியிலதான!”

அதற்குள் அக்காவுக்குப் போன் வந்துவிட்டது. (நான் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

நேராகப் பாத்திரக் கடைக்குப் போனேன். “ஈயச்சட்டி செய்வாங்கல்ல, அந்தத் தகடு வேணும்ங்க.” கடைக்காரர் கேட்டதைக் கொடுத்தார். பளபளவென்றிருந்தது. பைக்கின் பின்னால் கட்டி, ஒற்றை ஆளாகக் கொண்டுவந்து சேர்த்தேன். ஆசாரி அதை இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மூடிவிட்டார்.

அதிகாரி வந்தார். கதவை ஒரு விரலால் தள்ளினார். அது போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வந்தது.

“கதவு ரொம்ப லேசா இருக்கே?”

“கீலு நல்ல கீலுங்க சார். நானே பாத்து வாங்குனது.”

அவர் கதவைச் சாத்தி, உள்ளே எக்ஸ்ரேவைப் போடச் சொல்லி, வெளியே கதிரை அளக்கும் கருவியைப் பிடித்தார். நடுவில் ஒரு கதவு இருப்பதே கருவிக்குத் தெரியவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு ஓரத்துப் பலகையைப் பெயர்க்கச் சொன்னார்.

“இது அலுமினியம்ங்க தம்பி.”

“எங்க ஊருல இதத்தான் சார் ஈயம்பாங்க.”

“அது எக்ஸ்ரேவுக்குத் தெரியாதுங்களே.”

அக்கா திட்டவில்லை. திறப்பு விழாப் பத்திரிகையை எடுத்துத் தேதியைப் பார்த்தாள், கண் கலங்கியிருந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

குறித்த நாளில் திறப்பு விழா நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், கேசரி கொடுத்தார்கள், எக்ஸ்ரே அறையைப் பூட்டி வைத்தார்கள். முதல் நோயாளியே கை முறிந்து வந்தார். எக்ஸ்ரே எடுக்க அவரை ஆட்டோவில் வேறோர் இடத்துக்கு அழைத்துப் போனதும் நான்தான். அவர் அங்கேயே மாவுக்கட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அசல் ஈயம் அதற்கப்புறம்தான் வந்தது. அந்தக் கதவைத் தூக்கி மாட்ட நாலு ஆள் வேண்டியிருந்தது.

பிற்பாடு எனக்குப் பெண் பார்க்கப் போனோம். “எங்க தம்பி தங்கமான பையன்ங்க,” என்றாள் அக்கா.

காபி ஆற்றிக்கொண்டிருந்த மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், நிமிராமல் சொன்னார்: “கடையில சொல்ற தங்கம் இல்லீங்க. எங்க ஊருல சொல்ற தங்கம்.”

முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் பெண் கொடுத்தார்கள். இன்றும் நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினால், என் மனைவி அடுப்படியிலிருந்து மரியாதையாகக் கேட்கிறாள்: “சீனின்னா ஒங்க ஊருல என்னதுங்க?”