நிலைக்குழு உட்கார்ந்தது

உலகத்துக் குறைகள் அத்தனைக்கும் ஒரே காரணம் தலைமை இல்லாமைதான். நிபுணர்கள் இதை நிறுவிவிட்டார்கள். மறுக்கலாம் என்றால் அவர்களிடம் இருப்பதுபோல் வண்ண வரைபடங்கள் நம்மிடம் இல்லை. நகரங்களில் தலைமை காலில் தட்டுப்படும் அளவுக்குக் கொட்டிக் கிடக்கிறது. தொலைதூரக் கிராமங்களில்தான் கடும் பஞ்சம். அங்கே மக்கள், பாவம், தலைவர் இல்லாமலே எழுந்து, தலைவர் இல்லாமலே வேலைக்குப் போய், தங்களுக்குத் தலைவர் இல்லை என்பதுகூடத் தெரியாமல் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். இந்த அவலத்தைத் துடைக்கப் பிறந்ததுதான் 'கடைக்கோடித் தலைமை மேம்பாட்டுத் திட்டம்.'

அந்தத் திட்டம் கண்டெடுத்த முத்து, நம் நாற்காலிக்காரர்.

பஸ் போய்த் திரும்பும் கடைசி ஊர் அது. அங்கே நல்லது கெட்டது எதுவானாலும் வாடகைக்கு நாற்காலி வேண்டுமென்றால் அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு மைக் செட்டும் வைத்திருந்தார். மனைவி தையல் மிஷின் வைத்திருந்தார். இருவரும் யாருக்கும் தலைமை தாங்காமல் நிம்மதியாகப் பிழைத்துவந்தார்கள்.

ஒருநாள் திட்ட அலுவலர் ஜீப்பில் வந்து இறங்கினார். பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். 'உங்களுக்குள் உறங்கும் தலைவரை எழுப்புங்கள்' என்ற தலைப்பில் மூன்று மணி நேரம் பேசினார். முதல் மணி நேரத்தில் அறுபது பேர் இருந்தார்கள். டீயும் பிஸ்கட்டும் வந்துபோனதும் இருபது பேர். கண்ணை மூடிக்கொண்டு 'தொலைநோக்கு' பற்றி உருகிப் பேசியவர் கண்ணைத் திறந்தபோது ஒரே ஒருவர்தான் மிச்சம். கடைசி வரிசையில், மோவாய் மார்பில் பதிய, நாற்காலிக்காரர் உறங்கிக்கொண்டிருந்தார். உறங்கும் தலைவர்!

அலுவலர் நெகிழ்ந்துபோய் அவர் தோளைத் தொட்டார்.

"எல்லாரும் போயிட்டாங்க. நீங்க மட்டும் ஏன் போகல?"

"நான் எப்படி சார் போறது? இங்க இருக்கிறதெல்லாம் என்னோடதாச்சே."

அலுவலருக்கு மயிர்க்கூச்செறிந்தது. குறிப்பேட்டில் 'பொறுப்புணர்வு' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

"எப்பவும் கடைசி வரைக்கும் இருப்பீங்களா?"

"இருந்துதானே ஆகணும்? எல்லாரும் எழுந்திரிச்சாத்தான் சார் எனக்கு நிம்மதி."

மக்கள் எழுச்சியை இத்தனை எளிய சொற்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை அலுவலர். அந்த இடத்திலேயே அவரைத் தேர்ந்தெடுத்தார். நாற்காலிக்காரர் நாற்காலிகளை அடுக்கி முடிப்பதற்குள் தலைவராகிவிட்டார்.

நகரத்தில், குளிரூட்டிய அறையில், மூன்று நாள் பயிற்சி. தலைவர் என்பவர் தானாக எந்த வேலையும் செய்யக்கூடாது; செய்தால் அவர் வேலைக்காரர். தலைவர் முதலில் 'தேவையைக் கண்டறிந்து', பிறகு 'கலந்துரையாடி', பிறகு குழு அமைக்க வேண்டும். நாற்காலிக்காரர் சிரத்தையாகக் கற்றுக்கொண்டு, ஒரு தோள்பை, ஒரு கோப்பு, சட்டையில் குத்திக்கொள்ள 'சமூகத் தலைவர்' என்று பொறித்த ஒரு வில்லை ஆகியவற்றோடு ஊர் திரும்பினார்.

மனைவி வில்லையை உற்றுப் பார்த்தார். "புதுச் சட்டையில ஓட்டை போட்டு வச்சிருக்கீங்க."

"இது பதவிம்மா."

"பதவியைப் பையில வச்சுக்கக் கூடாதா?"

ஊர் அவரை மனமுவந்து ஏற்றது. மனமுவக்கக் காரணம் இருந்தது. அதுவரை அந்த ஊரில் ஒரு மோசமான பழக்கம்: எதையாவது முதலில் பார்த்தவர் அதைச் செய்துவிடுவார். தெருக்குழாய் ஒழுகினால், தண்ணீர் பிடிக்க வந்தவர் துணியைச் சுற்றி இறுக்கிவிட்டுப் போவார். பாதையில் மரம் விழுந்தால், அந்த வழியாக வந்தவர் அரிவாளோடு திரும்பி வருவார். எந்தப் படிவமும் இல்லை, குழுவும் இல்லை. எவ்வளவு பின்தங்கிய நிலை!

இப்போது எல்லோரும் நேரே அவர் வீட்டுக்கு வந்தார்கள்.

"தலைவரே, தெருக்குழாய் ஒழுகுது."

"தலைவரே, பள்ளிக்கூட வாசல்ல பாம்பு."

பாம்பு என்றதும் கையிலெடுத்த சோற்றோடு எழுந்தார். "ஐயோ, யாரு பார்த்துக்கிறா அதை?"

"யாரு பார்ப்பா? அப்படியே விட்டுட்டு வந்தேன். அதான் நீங்க இருக்கீங்களே!"

அவர் கோப்பைத் தேடி எடுத்து 'தேவை: பாம்பு' என்று பதிவு செய்துவிட்டுப் போய்ப் பார்த்தார். பாம்பு தலைமைப் பயிற்சி பெறாதது. ஆகவே தானாகவே முடிவெடுத்துப் போய்விட்டிருந்தது.

முதல் வாரம் 'தலைவரே' என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் அவருக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது. மூன்றாவது வாரம், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே தட்டை மூடிவிட்டுக் கோப்பைத் தேடினார். ஒரு வேளைச் சோறு முழுதாகச் சாப்பிட முடியவில்லை.

"முன்னெல்லாம் பார்த்தவங்க செஞ்சாங்க. இப்ப பார்த்தவங்க வந்து உங்ககிட்ட சொல்றாங்க" என்றார் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி. "அவ்வளவுதான் வித்தியாசம்."

"அதுக்குப் பேர் விழிப்புணர்வு" என்றார் அவர். சொல்லும்போதே குரல் கொஞ்சம் இறங்கியது.

அப்புறம் மழை வந்தது. ஊருக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் ரோடு ஓர் ஓடையைக் கடக்கிறது. இரண்டு சிமெண்டுக் குழாய்களைப் போட்டு மேலே மண்ணைக் கொட்டி, அதைப் பாலம் என்று அழைத்துவந்தார்கள். ஒரே மழையில் மண் கரைந்தது, குழாய்கள் உருண்டன, ரோடு நடுவில் இடுப்பளவு சேறாக நின்றது. பஸ் அக்கரையிலேயே திரும்பிப் போனது.

பஸ் டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. "முன்னாடியும் ரெண்டு தடவை இப்படி ஆச்சு. ஹாரனை அழுத்தினேன், மண்வெட்டியோட ஓடிவந்தாங்க. இந்தத் தடவை அழுத்தினா, ஒரே ஒரு ஆள் நோட்டோட வர்றாரு."

நோட்டோடு போனவர் நம் தலைவர்தான். அவர் சும்மா இருக்கவில்லை. பாலத்துக்கென்று ஒரு நிலைக்குழு அமைத்தார். நிலைக்குழு உட்கார்ந்தது. ஒருவர் முன்மொழிந்தார், மற்றொருவர் வழிமொழிந்தார். வழி மட்டும் இல்லை. மேலிடத்துக்குத் தீர்மானம் அனுப்பினார்கள். நடவடிக்கை எடுக்கப்படும் என்று பதில் வந்தது. எடுக்கப்படும்வரை ஊரே நடந்தது. காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம்.

ஒரு மாதம் போனது. ஐந்து கூட்டங்கள் நடந்தன. நர்சம்மா மாதமொரு முறை தடுப்பூசிப் பெட்டியோடு பஸ்ஸில் வருவார். அந்த மாதம் சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். காட்டு வழியில் போனால் பெட்டியில் ஐஸ் தாங்காது. மூன்று ஊர் தள்ளித் தட்டம்மை கிளம்பியிருப்பதாகச் சேதி வந்தது. ஊசிக்குக் காத்திருந்த ஒன்பது குழந்தைகளில் ஒன்று நாற்காலிக்காரரின் மகள் வயிற்றுப் பேத்தி. அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் குழந்தை தும்மினால் போதும், எழுந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

ஆறாவது கூட்டத்தைச் சேற்றங்கரையிலேயே வைத்தார். 'பிரச்சினை இருக்கும் இடத்துக்குத் தலைவர் செல்ல வேண்டும்' என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். உடைந்த பாலத்தைப் பார்த்தபடி அறுபது நாற்காலிகள் வரிசையாக நின்றன. மைக் செட்டுக்கு பேட்டரி. ஊர் முழுக்க வந்து உட்கார்ந்தது. பிள்ளைக்காரிகள் பிள்ளைகளோடு மூன்றாவது வரிசையில்.

இரண்டாவது பொருள் விவாதத்தில் இருக்கும்போது அக்கரையில் பஸ் வந்து நின்றது. நர்சம்மா பெட்டியோடு இறங்கினார்.

"வாங்க நர்சம்மா!" என்றார் தலைவர் மைக்கில். "உங்களையும் கூட்டத்துல பார்வையாளராச் சேர்த்துக்கிறோம்."

"பார்வையாளரா? ஐயா, ஐஸ் உருகிக்கிட்டு இருக்கு! இன்னும் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. எப்படியாவது என்னை அந்தப் பக்கம் கொண்டுபோங்க!"

"அதை அஞ்சாவது பொருளா எடுத்துக்கிறோம். இப்ப ரெண்டாவதுல இருக்கோம்."

"ரெண்டாவது என்ன?"

"போன கூட்டத்துக்கு வராதவங்க மேல வருத்தம் தெரிவிக்கிறது."

நர்சம்மா பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓரடி இறங்கினார். முழங்கால்வரை புதைந்ததும் டிரைவர் பின்னாலிருந்து இழுத்துப்போட்டார்.

அப்போது தலைவரின் மனைவி எழுந்தார். இடுப்பிலிருந்த பேத்தியை மகளிடம் கொடுத்தார். உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கினார். நேரே போய்ச் சேற்றில் அழுத்தி நட்டார். கால்கள் புதைந்து, இருக்கை மட்டும் மேலே நின்றது. திரும்பி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம், "கொஞ்சம் எழுந்திரிம்மா" என்றார்.

"ஏய், என்ன பண்றே?" என்று ஒலிபெருக்கி அலறியது. "அது என் நாற்காலி!"

"இது உங்க பேத்தி!" மனைவிக்கு மைக் தேவைப்படவில்லை.

நாற்காலிக்காரர் பேத்தியைப் பார்த்தார். அது விரலைச் சப்பிக்கொண்டு, எந்தப் பொருள் விவாதத்தில் இருக்கிறது என்ற கவலையே இல்லாமல் அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் மைக்கைக் கீழே வைத்தார். மனைவியின் கையில் இருந்த இரண்டாவது நாற்காலியைப் பார்த்ததும் தொழில் புத்தி முந்திக்கொண்டது.

"அதைப் போடாதே! அதுக்குக் கால்ல விரிசல். நீலத்தைப் போடு, நீலம்தான் பாரம் தாங்கும். அண்ணே, நீங்க எழுந்திரிங்க. ரெண்டு ரெண்டா அடுக்கிப் போடுங்க, ஒத்தையாப் போட்டா மூழ்கிடும்!"

பயிற்சியில் சொன்னதை மறந்து, வெட்கமில்லாமல், தானே வேட்டியை மடித்துக்கட்டிச் சேற்றில் இறங்கினார். தோள்வரை சேறு தெறித்தது. நாற்காலிமேல் நாற்காலியாக நர்சம்மா கால் வைத்து வந்தார். பெட்டியை நாற்காலிக்காரர் தன் தலைமேல் வாங்கிக்கொண்டார். கால் மணி நேரத்தில் ஒன்பது குழந்தைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வீறிட்டன. அந்த ஊர் அத்தனை இனிமையான இரைச்சலைக் கேட்டதில்லை. வில்லை எப்போது சேற்றில் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

இதில் தலைமைக்கு நேர்ந்த சேதம் பெரிது. உட்கார நாற்காலி இல்லை. வரலாற்றில் முதன்முறையாக நிலைக்குழு நின்றது. நின்றவர்களுக்குக் கை சும்மா இருக்க முடியவில்லை. ஒருவர் மண்வெட்டி எடுக்கப் போனார். ஒருத்தி கூடையோடு வந்தாள். டிரைவர், கொண்டாட்டமாக, ஹாரனை விடாமல் அழுத்தினார். பொழுது சாய்வதற்குள் குழாய்களைப் புரட்டி நிமிர்த்தி, கல்லடுக்கி, மண் நிரப்பி, பஸ்ஸை ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை.

அடுத்த மாதம் அலுவலர் மதிப்பீட்டுப் படிவத்தோடு, பஸ்ஸிலேயே வந்தார்.

"பாலத்தைச் சரிசெஞ்சது யார் தலைமையில?"

"என் தலைமை இல்ல சார்" என்றார் நாற்காலிக்காரர் நேர்மையாக. "நான் அப்ப கூட்டம் போட்டுக்கிட்டு இருந்தேன்."

அலுவலர் மனைவியிடம் திரும்பினார். "நீங்களாம்மா?"

"நான் ஒரு நாற்காலிதான் போட்டேன். மத்ததெல்லாம் எல்லாருந்தான்."

"எல்லாரும்னு எழுத முடியாதும்மா. ஒரு பேருக்குத்தான் கட்டம் இருக்கு."

"பஸ் வருதே சார்?"

"பஸ்ஸுக்குக் கட்டமே இல்ல."

ஊருக்குப் பூஜ்யம் போட்டார். வருத்தத்தோடுதான் போட்டார்.

முதல் பரிசு பக்கத்து ஊருக்குக் கிடைத்தது. தகுதியான தேர்வு. பதினொரு தலைவர்கள், ஏழு குழுக்கள், நாற்பத்து மூன்று கூட்டங்கள். அங்கேயும் அதே மழையில் ரோடு அறுந்து மாதக்கணக்காகிவிட்டதால், சிறப்பு விருந்தினரின் கார் போக முடியவில்லை. ஆகவே அந்த ஊருக்கான பாராட்டு விழாவை நம் ஊரில் வைத்தார்கள். பதினொரு தலைவர்களும் முழங்காலுக்கு மேல் சேற்றோடு, அரை மணி நேரம் தாமதமாக வந்துசேர்ந்தார்கள்.

"இந்த ஊர்க்காரங்க இவங்களைப் பார்த்துக் கத்துக்கணும்" என்று சிறப்பு விருந்தினர் முழங்கினார். கேடயம் கைமாறியது. ஓரமாக நின்ற நர்சம்மா, கேடயம் வாங்கியவரிடம் மெல்லக் கேட்டார்:

"உங்க ஊருக்கு நான் வந்து மூணு மாசம் ஆகுது. பிள்ளைங்களுக்கு ஊசி எப்ப போடலாம்?"

அந்த ஊர்த் தலைவர் கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, நிதானமாகப் பதில் சொன்னார்.

"நாப்பத்து நாலாவது கூட்டத்துல எடுத்துக்கிறோம்."

படிவத்தில் இதற்கும் ஒரு கட்டம் இருந்தது: 'எதிர்காலத் திட்டமிடல்.' அலுவலர் நின்ற இடத்திலேயே ஐந்து மதிப்பெண் கூட்டிப்போட்டார்.