நாகம்மன் வளைவு

ஒரு காட்டில், அதாவது காடு என்று விடுதி விளம்பரத்தில் போட்டிருந்த கடலோர முந்திரித் தோட்டத்தில், ஓர் உடும்பு இருந்தது. பழைய கறையான் புற்று ஒன்றுக்குள் முட்டையிட்டு மண்ணால் மூடியிருந்தது. மழை வந்தால்தான் குஞ்சுகள் வரும். மழைக்கு முன்பே விருந்தினர்கள் வந்துவிட்டார்கள்.

விருந்தினர்களுக்கு இயற்கையைப் பார்க்க வேண்டும். காலில் முள் குத்தாமல் பார்க்க வேண்டும். ஆகவே விடுதியிலிருந்து கடற்கரைக்கு நடைபாதை போட ஆரம்பித்தார்கள். சுண்ணாம்புக் கோடு நேராக வந்து புற்றின் மேல் ஏறி இறங்கியது.

உடும்பு நரியிடம் ஓடியது. நரி அங்கே ஆலோசகர். யாரும் நியமிக்கவில்லை, நரிகளுக்கு அது தேவைப்படுவதில்லை.

"நாளைக்கு இடிச்சிருவாங்க அண்ணே. பாதையைக் கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா?"

"உடும்புக்காகவா? உன் மூஞ்சியைத் தண்ணியில பாத்திருக்கியா? மயிலா இருந்தாலாவது பேசிப் பாக்கலாம்."

"அப்ப என் பிள்ளைங்க?"

"அழாத. மனுசன் உனக்கு வழி விட மாட்டான். சாமிக்கு விடுவான்."

விடுதிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த மஞ்சள் துண்டு ஒன்றை நரி கவ்வி வந்தது. உடும்பு அதைப் புற்றில் சுற்றியது.

காலையில் மேஸ்திரி தணிகாசலம் கடப்பாரையைக் கீழே போட்டார். "நாகம்மா குடியிருக்கிற புத்து சார். நான் கை வைக்க மாட்டேன். பிள்ளைகுட்டிக்காரர், நீங்களும் வைக்காதீங்க."

மேனேஜர் குனிந்து பார்த்தார். துண்டின் ஓரத்தில் விடுதியின் பெயர் அச்சிட்டிருந்தது. அதைப் படித்தார். படித்த பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

பாதை வளைந்தது. வளைவில் பலகை நட்டார்கள்: 'நாகம்மன் வளைவு. அமைதி காக்கவும்.' விருந்தினர்கள் அமைதி காத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். வேலையாட்கள் வெள்ளிதோறும் பாலும் கோழிமுட்டையும் வைத்தார்கள். முட்டையை உடும்பு தின்றது. நரிக்கும் பங்கு போனது. "சாமி சாப்பிட்டிருச்சு!" என்று எல்லாரும் சிலிர்த்தார்கள்.

மேகம் கூடிய ஒரு வெள்ளிக்கிழமை, புற்று வாசலில் ஒரு நாகம் வந்து நின்றது. மெலிந்த நாகம். மரியாதையாகப் பேசியது.

"தாயி, எம்பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்களாமே. வராம இருந்தா நல்லா இருக்காது பாரு."

"முட்டை வெளியிலேயே இருக்கு ஐயா. எடுத்துக்குங்க."

நாகம் நாக்கை நீட்டிக் காற்றைத் தொட்டது. "இது கோழி. உள்ள வேற வாசனை வருதே."

உடும்பு வாசலை மறித்துப் படுத்தது. வாலைச் சுழற்றிச் சீறியது. அந்த நேரம் பார்த்துக் கற்பூரத் தட்டோடு வந்த தணிகாசலம், படமெடுத்து நின்ற நாகத்தைக் கண்டார்.

"வந்துட்டா! தாயே, வந்துட்டா!"

மேனேஜர் ஓடி வந்து மறுபடியும் செருப்பைக் கழற்றினார். இந்த முறை நிஜமாக. தணிகாசலம் ஒரு சவுக்குக் கழியை எடுத்து, குறுக்கே கிடந்த உடும்பை நெட்டித் தள்ளினார்.

"சீ, போ! சாமி வீட்டுல உனக்கென்ன வேலை?"

நீதி: சாமி பேரைச் சொல்லி வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம், சாமி வராதவரை.