முருங்கைக்காய் மரியாதை

"துலுக்கானம், ஆயுத பூஜை லீவுல நாம எல்லாம் குடும்பத்தோட ஜவ்வாது மலைக்குப் போறோம். நீதான் முன்னால நடக்கப் போறே" என்றார் போர்மேன் அய்யாசாமி.

லேத் மெஷினில் வேலையாக நின்றிருந்த துலுக்கானத்தின் கையிலிருந்து இரும்புத் துண்டு நழுவிக் காலில் விழுந்தது. வலி கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தக் கம்பெனியில் சேர்ந்த புதிதில், டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில், தான் ஜவ்வாது மலையில் சந்தனக்கட்டைக் கிடங்கில் வேலை பார்த்ததாகச் சொல்லி வைத்திருந்தான். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். பிறகு ஒவ்வொரு டீக்கும் மலை வளர்ந்தது. கரடி வந்தது. தேனடை வந்தது. உண்மையில் அந்த மலையை அவன் பார்த்தது ஒரே ஒரு தடவை, பெங்களூர் கல்யாணத்துக்குப் போகையில், ரயில் ஜன்னல் வழியாக. அதிலும் பாதியை மேகம் மறைத்திருந்தது.

"நெஜத்தைச் சொல்லிடேன்யா" என்றாள் மனைவி பத்மா, கள்ளிக்குப்பம் வீட்டில் சோறு போட்டுக்கொண்டே.

"சொன்னா அவ்ளோதான்மே. செத்துப் போன மாமியாரை மறுபடி சாவடிச்சு லீவு போட்டானே செங்கல்வராயன், போர்மேன் அவனை உலையாண்ட தள்ளிட்டாரு, இன்னிக்கும் வெந்துகினு கீறான். பொய்யின்னா அவருக்கு ஆவாது."

மறுநாள் துலுக்கானம் வேறு வழியில் போனான்.

"சார், மலைக்காரங்க ரொம்ப ஆசாரம். நெனச்சாப்ல ஊருக்குள்ள நொழைய முடியாது. எல்லையில செருப்பைக் கழட்டிட்டு, ஒத்தக் கால்ல மூணு சுத்து சுத்தணும்."

அய்யாசாமி பருத்த மனிதர். இரண்டு காலிலேயே சிரமப்பட்டுத்தான் நிற்பார். பயணம் இதோடு ஒழிந்தது என்று துலுக்கானம் நினைத்தான்.

"அடடா! இதுக்குத்தான்டா விஷயம் தெரிஞ்சவன் வேணும்னு சொல்றது" என்றார் அய்யாசாமி. அன்று சாப்பாட்டு இடைவேளையில் மொத்த ஷிப்டும் கொட்டகைக்குப் பின்னால் ஒற்றைக் காலில் சுற்றிப் பழகியது. இருவர் விழுந்தார்கள்.

"சும்மா சுத்தினா பத்தாது சார். தலையில முருங்கைக்காய் வெச்சுகினு சுத்தணும். கீழ வுழுந்தா ஊர்ச் சாமிக்குக் கோவம் வரும்."

அய்யாசாமி மறுநாளே ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கி வந்தார்.

துலுக்கானத்துக்குத் தூக்கம் போயிற்று. கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

"கூட வர்றவங்கள்ல யார் பெரியவரோ, அவரு ஊர்த் தலைவரோட மூக்கைத் தொட்டு 'ஊய்'னு கத்தணும் சார். கொஞ்சம் தப்பாப் பூட்டாலும் அருவாளை எடுத்துடுவாங்க."

அய்யாசாமி யோசித்தார். துலுக்கானம் கும்பிடாத சாமியில்லை.

"அப்ப நல்லாப் பழகிக்கணும். வா இப்படி."

அந்த வாரம் முழுக்க துலுக்கானத்தின் மூக்கில் மெஷின் ஆயில் வாசனை அடித்தது.

பூந்தமல்லி ஹுமாயூனின் வாடகை வேன் விடியலில் கிளம்பி, வேலூரைத் தாண்டி, வளைந்து வளைந்து மலை ஏறியது. மற்றவர்கள் மூங்கில் புதர்களையும், சரிவில் விளைந்து நின்ற சாமைப் பயிரையும் பார்த்துக் கூச்சலிட்டார்கள். துலுக்கானம் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"தூங்கறியா?" என்றாள் பத்மா.

"வேண்டிகினு கீறேன்."

ஊர் எல்லையில் வேன் நின்றது. கூரை வீடுகளின் முன்னால் ஆணும் பெண்ணுமாக நின்று பார்த்தார்கள். போர்மேன் செருப்பைக் கழற்றினார். எல்லோரும் தலையில் முருங்கைக்காயை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் சுற்றினார்கள். தலைப்பாகை கட்டிய ஊர்த் தலைவரிடம் அய்யாசாமி நேரே போய் மூக்கைத் தொட்டார்.

"ஊய்!"

துலுக்கானம் வேனுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தான்.

தலைவர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து கீழே கிடந்த ஒரு முருங்கைக்காயை எடுத்துத் தலையில் வைத்து, ஒற்றைக் காலில் மூன்று சுற்று சுற்றி, அய்யாசாமியின் மூக்கைத் தொட்டார்.

"ஊய்!"

ஊரே சுற்றியது. கிழவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சுற்றினார்கள்.

துலுக்கானத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "பத்மா, நான் போன ஜென்மத்துல இங்கதான்மே பொறந்திருக்கேன்!"

அப்புறம் ஒரே விருந்து. சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும், கடைசியில் இலையில் தேனும் ஊற்றினார்கள். அய்யாசாமி துலுக்கானத்தின் தோளில் கைபோட்டு, "உன் வாயில பொய்யே வராதுடா! ஊருக்குப் போனதும் உன்னை மேஸ்திரி ஆக்கச் சொல்லி எழுதறேன்" என்றார். துலுக்கானம் அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டான். இந்த ஊர்ச் சாமியைப் பற்றி இன்னும் இரண்டு செய்தி கூட அவனுக்கு அப்போதே ஞாபகம் வந்தது.

சாயங்காலம் புறப்படும்போது அய்யாசாமி வேனில் ஒரு காலை வைத்துவிட்டார். தலைவரின் மனைவி அங்கம்மா கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. உங்க பட்டணத்து வழக்கம் எங்களுக்குத் தெரியாது. நீங்க செஞ்சதைப் பாத்துப் பாத்துதான் நாங்களும் சுத்தினோம். மூக்கைத் தொட்டதுல ஒண்ணும் தப்பில்லியே?"