மாப்பிள்ளை போன ஸ்பீட் வகுப்பு

பேரன்புக்குரிய ஹரோ அண்ணை ஸ்ரீஸ்கந்தராஜா அவர்களுக்கு,

உங்கள் ஹரோவுக்கு லண்டனின் மறுகோடியில், நோர்பரியிலிருந்து தம்பி சண்முகராசா எழுதிக்கொள்வது. நானும் வசந்தமலரும் நலம். உங்கள் பிரஷரும் அண்ணியின் முழங்காலும் ஒரு கட்டுக்குள் நிற்க நல்லூரானை வேண்டுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். உங்கள் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான். நான் தும்மினால் குசினியிலிருந்து அண்ணி மருந்து சொல்வார். தயவுசெய்து இதை அறையைப் பூட்டிவிட்டு வாசியுங்கள்.

விஷயம், உங்கள் மகள், நம் தக்ஷிகாவுக்கு நீங்கள் மாப்பிள்ளையாகப் பேசி, மண்டபமும் பிடித்துவிட்ட பிரதாபனைப் பற்றியது. போன மாதம் அவர் வேகமாகக் கார் ஓடிப் பிடிபட்டு ஸ்பீட் வகுப்புக்குப் போனதை, "சட்டத்தை மதிக்கிற பெடியன், கூப்பிட்ட உடனை போயிருக்கிறான்" என்று கோயிலில் நாலு பேருக்குச் சொன்னீர்கள். அண்ணை, அது ஸ்பீட் வகுப்பு இல்லை. தெருவோரம் காரை நிறுத்திப் பெண்களை விலைக்குக் கேட்டு, குற்றவாளி என்று கோர்ட் தீர்த்தவர்களுக்கு அபராதத்தோடு சேர்த்துப் போடுகிற ஒருநாள் வகுப்பு. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஆங்கிலம் விளங்காத ஒருவருக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தட்டில் கைக்குழந்தைகளுக்குப் பாட்டு வகுப்பு. தெரியாமல் அதற்குள் நுழைந்துவிட்டேன். எந்த வகுப்பு என்று ஒரு தாய் கேட்டார், இதுதான் என்றேன், அவர் என் கையில் ஒரு கிலுகிலுப்பையைத் தந்துவிட்டார், பாட்டு முடியும்வரை ஆட்டிவிட்டுத்தான் மேலே போனேன். மேலே பதினாலு கதிரைகள். பிஸ்கட் மேசையடியில் பிரதாபன். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி, சுவரிலிருந்த தீ விபத்து அறிவித்தலைக் கடைசி வரிவரை வாசித்தோம்.

பிறகு ஒரு பெண் வந்து பேசினார். பதினொரு வருடம் தெருவில் நின்றவராம். காரில் ஏறுமுன் பின்சீற்றைப் பார்ப்பாராம். பேபி சீற் இருந்தால், இவன் பிள்ளை வைத்திருக்கிறவன், அடிக்கமாட்டான் என்று நம்புவாராம். அவருடைய தாடையை உடைத்தவனின் காரிலும் பேபி சீற் இருந்ததாம். நாங்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம். பிரதாபன் மட்டும் சிரித்தான். தேத்தண்ணி நேரத்தில் என் பக்கத்தில் வந்து, "நல்லா நடிக்கிறா, என்ன அங்கிள்? நீங்களும் என்னைக் காணேல்லை, நானும் உங்களைக் காணேல்லை" என்றான். அந்தச் சிரிப்போடு நம் பிள்ளை ஒரு வீட்டில் இருக்க ஏலாது. கல்யாணத்தை நிற்பாட்டுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். தக்ஷிகாவுக்கு என் ஆசி எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி,
சண்முகராசா

பி.கு.: கடித உறையை ஒட்டிவிட்டுப் பிறகு உடைத்தேன். நீங்கள் கேட்டால் பிரதாபன் எப்படியும் சொல்லத்தான் போகிறான். அங்கே மொழிபெயர்ப்பாளர் எவரும் இல்லை. பதினாலாவது கதிரை என்னுடையது. வசந்தமலருக்கு நானும் ஸ்பீட் வகுப்பு என்றுதான் சொல்லியிருக்கிறேன். என்னைப் பொலிஸ் மறித்த அன்று, என் காரின் பின்சீற்றில் பேத்தி மிதுஷாவின் சீற் இருந்தது. என்னை இனித் தம்பி என்று கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, அவனைப் பற்றி எழுதியது அத்தனையும் உண்மை. அறையைப் பூட்டத் தேவையில்லை அண்ணை. அண்ணிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.