மரிம்பாவில் உடுக்கு அடித்த கதை

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருசமாய்த் தயங்கினேன். பிள்ளையார் சுழி போட்டுப் போட்டுக் கிழித்த தாள் கணக்கில்லை. போன வெள்ளிக்கிழமை என் மனைவி நாகம்மா, "நான் இருக்கக்குள்ளயே எழுதுங்க. மறுகா என்னைப் பத்திப் பொய் எழுதிருவீங்க" என்றா. அதனால் எழுதுகிறேன்.

யுத்த காலம். எங்கள் ஊர் கல்லடி, வாவிப் பாலத்துக்கு இந்தப் பக்கம். மகள் வாசுகி பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு இசைக் கல்லூரியில் மரிம்பா படித்தாள். (ஏதோ காய்ச்சல் வருத்தத்தின் பெயர் என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.) மரக்கட்டைகளை வரிசையாய் அடுக்கி, அடியில் குழாய் தொங்கவிட்ட வாத்தியம். நூல் சுற்றிய தடியால் அடித்தால், குடத்துக்குள் மழை விழுவது போல ஒரு சத்தம். வாசுகியின் வகுப்பில் அதை நாலு பேர் சேர்ந்து வாசிக்க வேணும். கை காட்டி நடத்த ஆள் இல்லை; ஒருத்தர் மூச்சை ஒருத்தர் பார்த்து வாசிக்கிறது.

பாலத்து ஆமிச் செக்பொயின்ரைத் தாண்டிக் குமர்ப்பிள்ளையைத் தனியே விட ஏலாது. நான்தான் சைக்கிளில் ஏற்றிப் போய், ஒத்திகை முடியுமட்டும் மூலையில் குந்தியிருந்து கூட்டி வருவேன்.

கடைசிச் சோதினை நாள் வந்தது. மகள் வாசிக்கிறதைப் பார்க்க நாகம்மாவும் வந்தா. பரீட்சைக்குப் புள்ளி போடக் கொழும்பிலிருந்து வந்த சோதினை ஐயா பின்னேரமே திரும்புகிறார். பாதை மறுபடி எப்போது திறக்குமோ கடவுளுக்குத்தான் தெரியும். பார்த்தால், கதிரவெளியிலிருந்து வரவேண்டிய நாலாவது பிள்ளை இல்லை. அந்தப் பக்கப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். நாலு பேர் இல்லாவிட்டால் சோதினை இல்லை. என் மகளின் படிப்பு அந்தரத்தில். படிப்பித்த மிஸ் வாசிக்கச் சட்டமில்லை.

"நாலாவது ஆள் அடிக்கிற அந்த அடிக்கட்டை அப்பாவுக்குக் கேட்டுக் கேட்டே பாடம், மிஸ். கோயில்ல உடுக்கு அடிக்கிறவர்" என்றாள் வாசுகி.

மிஸ் என்னைப் பார்த்தா. "அங்கிள், ரெண்டே ரெண்டு கட்டைதான். மெல்லமா, ஒரே வேகத்தில. ஏலுமா?"

"ஓம் மிஸ், இதென்ன பெரிய வேலை!" (இந்த வாயை அம்மாளாச்சி அன்றைக்கே தைத்திருக்கலாம்.)

தொடக்கம் நன்றாய்த்தான் இருந்தது. ஆனால் எங்கள் கண்ணகை அம்மன் கோயிலில் உடுக்கு ஒரே வேகத்தில் நிற்காது. ஏறும். தெய்வம் ஆடி மலையேறும்வரை நிறுத்தவும் கூடாது. கை தன்பாட்டுக்கு ஏறியது. பிள்ளைகள் மூன்று பேரும் என்னைத் துரத்திப் பிடித்தார்கள். அந்தக் கோயிலில் தெய்வம் ஆடுகிறவ வேறு யாருமில்லை, என் மனைவிதான். கதிரையில் இருந்த நாகம்மாவின் கொண்டை அவிழ்ந்தது.

மகளின் சோதினை முடிஞ்சுது என்று நினைத்தேன். கை நிற்கவில்லை. பியோன் வேப்பிலைக்கு ஓடினார். சோதினை ஐயா கதிரையோடு பின்னுக்குப் போனார். கல்லூரியில் கூட்டித் துடைக்கிற தெய்வானை, விளக்குமாற்றை எறிந்துவிட்டு வந்து நாகம்மாவின் காலில் விழுந்தா.

"தாயே, சந்தைக்குப் போன என்ட பொடியன் எங்க? இன்னும் வரல்லியே, தாயே!"

அதைக் கேட்டதும் நான் தடியைத் தூக்கி நிறுத்தப் பார்த்தேன்.

"நிப்பாட்டாதீங்க அப்பா. மெல்லமா இறக்குங்க" என்றாள் வாசுகி, உதடு அசையாமல். என் மூச்சைப் பார்த்தே அந்தப் பிள்ளைகள் என்னோடு இறங்கினார்கள். நாகம்மா தெய்வானையின் தலையில் கைவைத்து, "பொறு மகள்" என்றா. அவ்வளவுதான். தெய்வம் இறங்க, நாகம்மாவுக்குத் தண்ணி தெளித்து இருத்தினோம்.

சோதினை ஐயா மிஸ்ஸிடம் கேட்டார்: "அந்த அம்மாவும் இந்த உருப்படியில இருக்கிறாவா?"

"இல்ல, சேர்."

"இந்தப் பெரியவர் ஓடினார். பிள்ளைகள் அவரைத் தனிய விடல்ல" என்று சொல்லி, பாஸ் போட்டார்.

இப்போது வாசுகியும் மிஸ். அவளிடம் படிக்கிற பிள்ளைகள் வேகம் கூட்டினால், "அப்பா மாதிரி ஓடாதீங்க, அம்மா எழும்பிருவா" என்பாளாம். வீட்டில் சோறு பிந்தும்போது நான் மேசையில் விரலால் தட்டினாலும் இதே பேச்சுத்தான்.

வாசிக்கிறவர்கள் இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். சிரித்துச் சொல்லுங்கள், என் கையை எவ்வளவும் பழியுங்கள். ஒன்றையும் கூட்டாமல் மட்டும் சொல்லுங்கள். தெய்வானையின் மகன் மறுகிழமையே வந்துவிட்டான் என்று சில பேர் சேர்த்துச் சொல்கிறார்கள். அதைக் கேட்டவர்கள் அவவிடமே போய்ச் சந்தோசம் விசாரிக்கிறார்கள். அவன் வரவில்லை. அம்மன் சொன்னது "பொறு மகள்" என்பது மட்டும்தான். அவ இன்னும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறா.