மாமனாரைத் தூக்கிய ஞாயிற்றுக்கிழமை

எனக்குப் பாம்பு என்றால் பயம். இதை முப்பது வயது வரை நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. கோலார் தங்கவயலில் பிறந்தவன் என்றால் ஜனங்கள் அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மைன்ஸ் ஆள், பாம்பு தேளோடு வளர்ந்தவன், வாலைப் பிடித்துச் சுழற்றி எறிவான் என்று. நான் மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமானால் பேச வேண்டும். எனக்குப் பேச்சு வராது.

என் மாமனாருக்குப் பேச்சு நன்றாக வரும். என்னிடம் மட்டும் வராது.

அவர் அரசாங்க ஆபீஸில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் சொந்த வீடு. மகளுக்கு இன்ஜினியர் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். மகள், தன்னை வைட்ஃபீல்ட் ஆபீசுக்கு ஏற்றிப் போன டெம்போ டிராவலர் டிரைவரைக் கட்டிக்கொண்டாள். (அந்த டிரைவர் எட்டாவது. அதுவும் இரண்டாம் தடவை எழுதி.) கோயிலில் கல்யாணம் நடந்தது. மாமனார் வந்தார். போட்டோவில் நின்றார். அதோடு சரி. பதினொரு மாதம் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை.

மரியாதைக்குக் குறைவில்லை. எல்லாம் மாமியார் வழியாக வரும்.

"அவரு காபி குடிப்பாரான்னு கேளு."

நான் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். மாமியார் என் பக்கம் திரும்பி, "காபி குடிக்கிறீங்களா?" என்பார். நான் "ம்" என்பேன். மாமியார் அந்தப் பக்கம் திரும்பி, "குடிப்பாராம்" என்பார். கோர்ட்டு மாதிரி இருக்கும்.

"நீங்களாவது பேச்சை ஆரம்பிக்கக் கூடாதா?" என்று என் மனைவி ரீட்டா கேட்பாள். எதை வைத்து ஆரம்பிப்பது? எனக்குத் தெரிந்தது கிளட்ச்சும் டீசலும்.

அந்த டிசம்பரில்தான் ரீட்டாவின் தம்பி ஜெரால்ட் ஒரு டூர் போட்டான். அவன் கம்ப்யூட்டர் வேலை. லீவு நாளில் அவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் ஒரு பொழுதுபோக்கு. காட்டுக்குப் போய்ப் பாம்பு, தவளை, ஓணான், அரணை எல்லாம் தேடுவது. பிடிக்க மாட்டார்கள். அடிக்க மாட்டார்கள். பார்த்து, போட்டோ எடுத்து, பெயர் எழுதிக்கொள்வார்கள். இதற்கு ஆளுக்கு ஒரு டார்ச், ஒரு பூட்ஸ். (எங்கள் ஊரில் பாம்பைப் பார்க்க யாரும் டார்ச் வாங்கியதில்லை. அதுவே வரும்.)

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கிளம்பி, தங்கவயல் பக்கம் மூன்று நாள். ஜெரால்ட் பட்டியல் போட்டான். என் பெயருக்கு நேரே மூன்று எழுதியிருந்தான். வண்டி, இடம், பாம்பு.

வண்டி என்னிடம் இருந்தது.

"மாமா, உங்க ஊரு. எங்க இருக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். முன்னாடியே ஒரு நடை போயி பாத்துட்டு வந்துடுங்க. கல்லைப் புரட்டுனா திரும்ப அப்படியே வச்சிடணும், அவ்ளோதான்" என்றான்.

அப்போது மாமனார் பேப்பருக்குப் பின்னாலிருந்து மாமியாரிடம் சொன்னார்: "நானும் வரேன். முன் சீட்டுல உக்காந்துக்கறேன். முட்டி வலி, இறங்க மாட்டேன். வண்டியில இருந்தே பாத்துக்கறேன். அவருக்கு இதாவது சரியா செய்ய வருதான்னு பாப்போம்."

முன் சீட்டு. என் பக்கத்தில். மூன்று நாள். மாமியார் வரப்போவதில்லை. டீக்கு நிறுத்தச் சொல்லவாவது மாமனார் என்னிடம் பேசித்தான் ஆக வேண்டும். எப்படியாவது இந்த டூர் நடக்க வேண்டும். அதற்கு ஒரு பாம்பு வேண்டும்.

புதன்கிழமை தங்கவயல் போனேன். பழைய மைன்ஸ் லைன் வீட்டில் என் அண்ணன் இருக்கிறான். விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்து முடிக்க நேரம் ஆனது.

"டிசம்பர்ல எவன்டா பாம்பு தேடுவான்? அதுங்க குளிருக்கு ஒடுங்கிக் கிடக்கும். தவளை மண்ணுக்குள்ள போயிருக்கும். மழைக்கு வரச் சொல்லு."

"லீவு இப்பதான்."

"பாம்புக்கா?"

அவனோடு பேசிப் பயனில்லை. வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை. பக்கத்தில் கல்லும் ஓட்டுத் துண்டும் வைக்கோலும் குவிந்து கிடந்தன. சின்ன வயதில் அந்தப் பக்கம் நான் ஒன்றுக்குக்கூடப் போனதில்லை. நீளமான கம்பு எடுத்துக்கொண்டேன். நாலு அடி தள்ளி நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். திறந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மனசு நிம்மதியானது. 'இல்லை' என்று முடிவு செய்தேன்.

(இதுதான் என் ஆராய்ச்சி. மொத்தம் ஐந்து நிமிஷம்.)

வெறுங்கையோடு போக மனமில்லை. மாமியார் கிறிஸ்துமஸ் குடில் கட்ட வைக்கோலும் கல்லும் கேட்டிருந்தார். பெங்களூரில் வைக்கோலுக்கு எங்கே போவது? பாம்பு இல்லை என்று நானே பார்த்த இடம் அல்லவா. தைரியமாக அந்தக் குவியலையே மண்வெட்டியால் வாரி இரண்டு சாக்கில் அடைத்தேன்.

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டு ஹாலில், மாமனார் நாற்காலிக்குப் பக்கத்தில் குடில் கட்டினேன். கல்லடுக்கி மலை. ஓட்டுத் துண்டில் கூரை. உள்ளே மாதா, சூசையப்பர், மாடு, கழுதை, இடையர்கள். நடுவில் வைக்கோல் போட்ட தொட்டில். தொட்டில் காலி. குழந்தை இயேசு பஞ்சில் சுற்றி பீரோவில் இருப்பார். இருபத்துநாலாம் தேதி பூசை முடிந்துதான் வருவார். மேலே பழைய காலத்து சீரியல் செட். மஞ்சள் பல்பு. தொட்டால் சுடும். மாமியார் அதைப் பகலிலும் அணைக்க விடவில்லை.

மாமனார் குடிலைப் பார்த்தார். தலையை ஆட்டினார். மாமியாரிடம், "பரவாயில்லேன்னு சொல்லு" என்றார். பதினொரு மாதத்தில் அதுதான் பெரிசு.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் டூருக்கு மீட்டிங். ஜெரால்டோடு நாலு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் பெரிய பாம்பு ஆட்கள். ஒருத்தன் சட்டையிலேயே உடும்புப் படம். நான் சுவரோரம் நின்றேன். எல்லோருக்கும் முன்னால் 'ஒன்றும் இல்லை' என்று சொல்ல வேண்டும். மாமனார் கேட்டுக்கொண்டிருப்பார். டூர் போச்சு, முன் சீட்டும் போச்சு.

ஜெரால்ட் முதலில் பேசினான். "விண்டர்ல கஷ்டம்தான். ஆனா சூடு எங்க இருக்கோ அங்க கண்டிப்பா வரும். கல்லுக்கு அடியில, ஓட்டுக்கு அடியில கிடக்கும். ரெண்டு மூணு நாள் நல்லா சூடு பட்டா வெளிய வந்துடும்."

வந்தவர்களில் ஒரு பெண் குடிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, அந்தத் தேரை பொம்மை சூப்பர். எங்க வாங்கினீங்க?"

"தேரை பொம்மையா? நாங்க வைக்கலையே" என்றார் மாமியார்.

கழுதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேரை கண்ணைச் சிமிட்டியது.

நாலு பேரும் கும்மாளம் போட்டார்கள். போனை நீட்டினார்கள். ஒரு கூட்ஸ் வண்டி நீளத்துக்கு அதன் பெயரைச் சொன்னார்கள். "மாமா! கலக்கிட்டீங்க!" என்று ஜெரால்ட் என் முதுகில் அடித்தான். மாமனார் குனிந்து தேரையைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நேராக. வாய் திறந்தது.

அந்த நேரம் ஓட்டுத் துண்டு அசைந்தது.

ஒன்றரை அடி இருக்கும். பழுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டை. அவசரமே இல்லை. மலையிலிருந்து இறங்கியது. ஓர் இடையனைத் தள்ளிவிட்டது. சூசையப்பர் காலைச் சுற்றி வந்தது. காலியாக இருந்த தொட்டிலில் ஏறி, வைக்கோலில் சுருண்டு படுத்தது.



"சேசுவே!" என்றார் மாமியார். "அங்கயா போயி படுக்கணும்?"

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. பெரிய பாம்பு ஆட்களில் மூன்று பேர் ஒரே சோபா மேல் நின்றார்கள். உடும்புச் சட்டைக்காரன் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். ரீட்டா மாமியாரை இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஜெரால்ட் சாப்பாட்டு மேசை மேலிருந்து கத்தினான்.

"மாமா, கட்டுவிரியனா இருக்கலாம்! இல்லாமலும் இருக்கலாம்! கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு செதில் இருக்கான்னு மட்டும் கிட்ட போயி பாருங்க!"

நான் நகரவில்லை. கால் வேலை செய்யவில்லை. (அதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்களாம்.)

மாமனார் நாற்காலியில் இருந்தார். தொட்டில் அவர் முழங்கைக்கு ஒரு முழம். இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்திருந்தார். முட்டி வலியோடு அதை எப்படிச் செய்தார் என்று டாக்டருக்கே தெரியாது.

"மாப்பிள்ளை" என்றார்.

பதினொரு மாதம் காத்திருந்த வார்த்தை.

"சொல்லுங்க மாமா."

"தூக்குங்க."

பேசிய முதல் நாளே இப்படியா கேட்பார்?

"எதை மாமா? பாம்பையா?"

"என்னைத்தான்யா!"

தூக்கினேன். எண்பது கிலோ. கல்யாணத்தன்று ரீட்டாவைக்கூட நான் தூக்கவில்லை. அவர் இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். வாசலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கே வந்துவிட்டேன்.

ரோட்டில் ஃபாதர் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார். வீடு வீடாகக் குடில் மந்திரிக்க வந்தவர். கூடவே பத்துப் பதினைந்து பேர். என் கையில் மாமனாரைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மா, "ஐயோ, போயிட்டாரா!" என்று அழ ஆரம்பித்தார். யாரோ ஓடி என் வண்டிக் கதவைத் திறந்தார்கள். ஃபாதர் சிலுவை போட்டார்.

"நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார் மாமனார், என் தோளிலிருந்து. யாரும் நம்பவில்லை.

"இறக்குங்க மாப்பிள்ளை. எல்லாரும் பாக்கறாங்க."

"கை வரல மாமா."

உண்மை. பிடித்த பிடி அப்படியே இறுகிவிட்டது.

"ஏன்?"

அப்போதுதான் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை. "எனக்குப் பாம்புன்னா ரொம்பப் பயம், மாமா."

அவர் என்னைப் பார்த்தார். முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பிறகு என் காதில் மெதுவாகச் சொன்னார். "எனக்கும்தான். வண்டிய விட்டு இறங்க மாட்டேன்னு எதுக்குச் சொன்னேன்? முட்டி வலியா?"

முக்கால் மணியில் பாம்பு பிடிக்கும் பெண் ஸ்கூட்டியில் வந்தாள். கல்லூரிப் பெண் மாதிரி இருந்தாள். தொட்டிலுக்குள் கையை விட்டாள், பையில் போட்டாள். "விஷ இல்லா சார், ஏனூ மாடல்ல" என்று கன்னடத்தில் சொன்னாள். ஒன்றும் செய்யாதாம். ஓநாய்ப் பாம்பாம். நடுங்கிக்கொண்டிருந்த ஐந்து பேரும் உடனே இறங்கி வந்து, "நாங்க அப்பவே நினைச்சோம்" என்றார்கள்.

டூர் நடக்கவில்லை. மாமியார் அன்றைக்கே ஜெரால்டின் பட்டியலைக் கிழித்தார். உடும்புச் சட்டைக்காரன் இப்போது பறவை பார்க்கிறான் என்று கேள்வி.

மாமனார் என்னிடம் பேச ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. மூன்று வருஷம் ஆகிறது. காலையில் அடுகோடியில் எங்கள் வீட்டு வாசலில் நான் வண்டியை எடுக்கும் முன்பே போன் வந்துவிடும். பென்ஷன், முட்டி, கார்ப்பரேஷன் குழி, ஜெரால்டுக்குப் பெண் பார்ப்பது. மாமியாரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானாலும் எனக்குத்தான் போன் செய்கிறார். நான் 'ம்' என்கிறேன். அது அவருக்குப் போதும் போலிருக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் குடில் கட்டுகிற அன்று மாமியார் எங்கள் இருவரையும் கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிடுகிறார். வைக்கோலைத் தானே உதறி, கல்லைத் தானே தட்டிப் பார்த்து அடுக்கிய பிறகுதான் உள்ளே விடுவார். நாங்கள் ரோட்டில் நிற்போம். மாமனார் பேசுவார். போகிற வருகிறவர்கள் சிரிப்பார்கள். எல்லாம் முடிந்ததும் ரீட்டா ஜன்னலைத் திறந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள்.

"அப்பா நடந்து வருவாரா, நீங்க தூக்கிட்டு வரீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் பதில் சொல்லிவிடுவார்.

"நடந்தே வரோம்னு உங்கம்மாகிட்ட சொல்லு."